பூஜ்யம் போட்ட நாட்கள்

நவம்பர் 12

முப்பது வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்று அறிவியல் டீச்சர் விடுப்பு. கணக்கு டீச்சரான என்னை அந்தப் பீரியடுக்கு அனுப்பியிருந்தார்கள். பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு மடவ மீனு லட்சக்கணக்குல முட்ட போடும்னு போட்டிருக்கு. அப்பம் கடலு ஏன் மீனா ரொம்பி வழியல?"

"நிறையச் செத்துப்போகும்."

"எத்தன சாவும்?"

"உட்காரு" என்றேன்.

அவள் பெயர் பிரகாசி. இப்போது நாற்பத்திரண்டு வயது. மணல்துறையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள காயலில் சிறுவலை போட்டுப் பிழைக்கும் நாற்பது குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. இன்று காலை அவளும் நானும் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குப் பதிலை எண்ணத் தொடங்கினோம்.

வேலை இதுதான். மீன்வள ஆய்வாளர் மைதிலி காயலில் இரண்டு கம்புகள் நட்டிருக்கிறாள். பிரகாசியின் கணவன் சூசை தினமும் காலையில் அந்தக் கம்புகளுக்கு நடுவே சிறுகண்ணி வலையை இரண்டு தடவை இழுக்க வேண்டும். வருவதில் மடவைக் குஞ்சுகளை மட்டும் நான் எண்ண வேண்டும். நகத்தளவு எத்தனை, விரலளவு எத்தனை என்று இரண்டு பத்தி. எண்ணியதும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஞாயிறு மட்டும் கிடையாது. அன்று இந்தத் துறையில் யாரும் வலையைத் தொடமாட்டார்கள்.

இன்று நகத்தளவு 212. விரலளவு 0.

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. வரும் வழியில் கீரை வாங்கினேன்.

நவம்பர் 19

மைதிலி வந்தாள். சேலத்துப் பெண். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறாள். எங்கள் எண்களை லேப்டாப்பில் ஏற்றினால் அதற்குள் ஒரு காயல் ஓடத் தொடங்குகிறது. அதில் மீன் முட்டையிடுகிறது, குஞ்சு பொரிக்கிறது, பெரும்பாலும் சாகிறது, மிஞ்சியது வளர்ந்து வலைக்கு வருகிறது. பத்து வருடக் காயல் அரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. பிறகு வேறு மாதிரி மழை, வேறு மாதிரி கோடை என்று மறுபடி ஓடுகிறது. இப்படி ஆயிரம் தடவை.

"சாகாம பெருசாகி வந்து சேர்றத நாங்க சேர்க்கைன்னு சொல்றோமுங்க டீச்சர்."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளியில் ஜூன் மாதம் சேர்க்கை நடக்குமே, அதேதான். ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு நாளும் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர்தான் மறுநாள் வருகிறார்கள். கேட்டால் நல்ல வருகை போலத்தான் இருக்கிறது. மத்தியானம் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். அறுபதாம் நாள் வகுப்பில் மிஞ்சுவது நாற்பத்தாறு பேர்.

நாளை பிரகாசியிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20

சொன்னேன். பேசினில் கையை விட்டபடியே கேட்டாள்.

"ஆயிரத்துல நாப்பத்தாறா? நா மூணு பெத்தேன், மூணும் இருக்கு. குடுத்துவச்சவதாம் போங்க."

சூசை வலையை உதறிக்கொண்டே, "அந்தக் கேள்வியக் கேட்டதுக்கு அன்னைக்கு உக்கார வச்சியளாமே டீச்சர்? கல்யாணமான நாள்ல இருந்து சொல்லுதா" என்றான்.

நகத்தளவு 187.

நவம்பர் 27

மழை. கேஸ் சிலிண்டர் வந்தது. நகத்தளவு 340, விரலளவு 2.

டிசம்பர் 6

தொம்மை தாத்தா இறந்துவிட்டார். தொண்ணூறு வயது. துறையில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை ஒருவரும் வலை இறக்கமாட்டார்கள். சூசையும் இழுக்கவில்லை. அது சரிதான்.

ஆனால் நோட்டில் இன்றைய கட்டத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். என் வருகைப் பதிவேட்டைப் புரட்டி மூன்று கட்டங்களில் விரல் வைத்தார். "வந்தானா, வரலையா? ரெண்டுல ஒண்ணு எழுதணும். காலியா விடுறது டீச்சருக்கு அழகா?" சொன்னதோடு விடாமல் பார்வைப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டும் போனார். அதன் பிறகு முப்பது வருடம் என் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை.

ஜனவரி 9

விரலளவுக் குஞ்சுகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று 31, இன்று 28. நவம்பரில் நகத்தளவு வந்தவைதான் இவை. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் கணக்கே இருக்கிறது என்கிறாள் மைதிலி. உள்ளே வந்தது எவ்வளவு, உள்ளே பிழைத்தது எவ்வளவு.

வலது கண்ணில் வெள்ளைப் புகை அதிகமாகிவிட்டது. இன்று ஒரு கண்டல் இலையைக் குஞ்சு என்று எண்ணப்போனேன். பிரகாசி எடுத்து வெளியே போட்டாள். வீட்டில் இவர் பிடிவாதமாக இருக்கிறார். திருநெல்வேலியில் பதினேழாம் தேதி கண்புரை அறுவை.

ஜனவரி 16

பதினான்கு நாள் தண்ணீர் பக்கம் போகக் கூடாதாம், குனியக் கூடாதாம்.

பிரகாசி கேட்டாள்: "அதுவர நா எண்ணட்டா டீச்சர்?"

வேண்டாம் என்றேன். ஒரே ஆள் எண்ணினால்தான் ஒரே அளவாக இருக்கும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஏழாங்கிளாஸ்ல பெயிலானவ எண்ணுனா மீனு கோவிச்சுக்கிடுமாக்கும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சூசையிடம் பதினான்கு நாள் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 20

ஒரு கண்ணால் எழுதுகிறேன். சொட்டு மருந்து ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி. இவர் ஒரு தடவை போட்டால் ஒரு டிக் அடித்துக்கொள்கிறார். கைக்குக் கிடைத்தது என் மீன் நோட்டு, அதிலேயே அடித்துவைத்திருக்கிறார். "காலியாத்தானே குணா கெடக்கு" என்றார்.

ஜனவரி 24

பிரகாசி முருங்கைக் கீரையோடு பார்க்க வந்தாள். கண்ணுக்கு நல்லதாம்.

"காயல்ல காலு வைக்க முடியல டீச்சர். மடவக் குஞ்சு கரண்டையில வந்து இடிக்கு. அப்படித் துள்ளிக்கிட்டுக் கெடக்கு. நீங்க கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கிய."

கீரை கொஞ்சம் முற்றல். பருப்போடு கடைந்தேன்.

பிப்ரவரி 1

நேற்றிலிருந்து மறுபடி போகிறேன். உலகத்தை யாரோ துடைத்துவைத்தது போல இருக்கிறது. ஒவ்வொரு குஞ்சின் கண்ணும் தெரிகிறது. விரலளவு 34. பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுத்தாயிற்றா என்று இவரிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 14

மைதிலிக்குச் சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தேன். ஈரமும் செதிலுமாக இருக்கும் நோட்டை அப்படியே கொடுப்பதா? மூன்று நாள் உட்கார்ந்து, பெரிய தாள்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, நகத்தளவு நீல மையிலும் விரலளவு பச்சை மையிலுமாக எழுதினேன். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

"டீச்சர், எத்தனையோ ஊர்ல டேட்டா வாங்கியிருக்கேன். இவ்வளவு சுத்தமா யாரும் குடுத்ததில்லீங்க."

வரும் வழியில் எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது. இவருக்கு அல்வா வாங்கினேன்.

பிப்ரவரி 26

மைதிலி போனில் பேசினாள். குரல் சரியில்லை.

நவம்பரில் குஞ்சு நன்றாக உள்ளே வந்திருக்கிறது. ஆனால் வந்தவை பிழைக்கவில்லை. ஆயிரத்துக்கு இருபத்தெட்டுதான் விரலளவு ஆகியிருக்கிறது. முப்பத்தைந்துக்குக் கீழே போனால் லேப்டாப் காயல் ஒவ்வொரு வருடமும் மெலிகிறது. பத்தாம் வருடம் மடவை பேருக்குத்தான் இருக்கிறது. முப்பத்தைந்துக்கு மேலே என்றால் தாக்குப்பிடிக்கிறது.

"உள்ள வந்த பிறகுதான் சாகுதுன்னா, உள்ள என்ன இருக்குன்னு கேப்பாங்க டீச்சர். சிறுவலைதான் இருக்கு. ரெண்டு வருஷம் காயல்ல சிறுவலையே கூடாதுன்னு சொல்லப் போறாங்க. மார்ச் பதினாலு உங்க ஊர்லயே கூட்டமுங்க."

போனை வைத்துவிட்டுப் பெருக்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிழைத்தால் அறுபதாம் நாள் நாற்பத்தாறு. தொண்ணூற்று நான்கும் சில்லறையும் பிழைத்தால் இருபத்தெட்டு. நூறு பிள்ளைகளில் ஒரு முழுப் பிள்ளைகூட இல்லை வித்தியாசம். அது தினமும் வராமல் போனால் வகுப்பு காலியாகிவிடுகிறது.

பிப்ரவரி 27

ரசம் மட்டும்.

மார்ச் 2

துறைக்குச் செய்தி வந்துவிட்டது. சூசை எப்போதும் தூரத்திலேயே கையைத் தூக்குவான். இன்று படகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். பிரகாசி மட்டும் வந்தாள்.

"ரெண்டு வருஷமாம் டீச்சர். பெரிய படகு வச்சிருக்கவம் ஆழக் கடலுக்குப் போவான். எங்ககிட்ட இருக்கது இந்த வலையும் இந்தக் காயலுந்தாம். மூத்தவள நர்சிங் சேத்திருக்கேன். என்னத்தச் செய்ய?"

"அவர்கள் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் இல்லையா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தப்பா எப்படி இருக்கும்? நீங்கல்லா எண்ணுனிய. வேற யாரும் எண்ணியிருந்தா சண்டைக்கிப் போயிருப்பேன்."

மார்ச் 5

சும்மா ஒரு கணக்கு. ஜனவரி எட்டிலிருந்து ஐந்து வாரம், ஞாயிறு நீங்கலாக முப்பது நாள். விரலளவு மொத்தம் 540. முப்பதால் வகுத்தால் நாளைக்குப் பதினெட்டு. பதினெட்டு நாளால் வகுத்தால் நாளைக்கு முப்பது.

ஏன் பதினெட்டால் வகுத்துப் பார்த்தேன் என்று எழுதத் தேவையில்லை.

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் மேலே ஏறவில்லை.

மார்ச் 8

மைதிலி காலையில் கேட்டாள்: "டீச்சர், அந்த ஈர நோட்டு, முதல்ல எழுதினது, அது வேணுமுங்க. கூட்டத்துல யாராவது அசலக் கேட்டா காட்டணும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

நோட்டு இட்லி அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 9

மாவு அரைக்கவில்லை. கடையில் தோசை வாங்கிக்கொண்டோம்.

மார்ச் 11

மாவுக்கு அரிசி எடுக்கப்போன இவர் நோட்டோடு வந்து நின்றார்.

"என் கையெழுத்துல்லா இருக்கு இதுல" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். ஜனவரி பதினேழிலிருந்து முப்பது வரை டிக், டிக், டிக். அதற்கு மேலே என் மீன் கட்டங்கள், வெறுமையாக. பிறகு மேஜையில் இருந்த சுத்தப் பிரதியின் நகலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"குணா, இந்த நாளெல்லாம் நீ கட்டில்ல கெடந்த. நாந்தான் மருந்து போட்டேன். இதுல பூஜ்யம்னு எழுதியிருக்க?"

"கட்டம் காலியா இருந்துச்சு" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டையும் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "கூட்டத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நான் பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் வரவில்லை என்றுதானே போடுவோம். ஆனால் பெயரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அந்தப் பன்னிரண்டு நாளும் வகுப்புக்கே போகவில்லை.

மைதிலியின் எண்ணை மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 13

நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையை இஸ்திரி போட்டேன். நோட்டைப் பையில் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

மார்ச் 14

கோயில் பக்கத்துச் சமூகக் கூடத்தில் கூட்டம். துறை முழுவதும் வந்திருந்தது. மேடையில் அதிகாரிகள் மூன்று பேர், ஓரத்தில் மைதிலி. எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். டீச்சர் என்பதால்.

மைதிலி திரையில் படம் காட்டினாள். லேப்டாப் காயல் ஆயிரம் கோடுகளாக ஓடியது. எல்லாக் கோடுகளும் வலது பக்கம் போகப் போகச் சரிந்தன. மழை பெய்த பிறகு கண்ணாடியில் தண்ணீர் இறங்குமே, அந்த மாதிரி. பிறகு என் கட்டங்கள். நீலம், பச்சை. ஜனவரி நடுவில் வரிசையாகப் பச்சைப் பூஜ்யங்கள். என் கையெழுத்து திரையில் இரண்டு ஆள் உயரத்துக்கு இருந்தது.

சூசை எழுந்தான்.

"அம்மா, ஒரு கேள்வி. அந்தப் பூச்சியம் எங்க இருந்து வந்துச்சு? சனவரியில எங்க காலுல இடிச்சிச்சு மீனு. வல இழுத்தாத் தூக்க முடியாது. நாங்க என்ன குருடா?"

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் ஓர் அதிகாரி.

பின்னால் இருந்து ஒரு குரல்: "கரையில இருக்கவிய கண்ணுக்கு மீனு தெரியாதுல!" கூடம் சிரித்தது, கோபமாக.

பிரகாசி சூசையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்ததால் காதில் விழுந்தது.

"சும்மா இருங்க. நாம இழுக்காட்டாலும் டீச்சர் வேற ஆள வச்சு எண்ணியிருப்பாவ. அவிய பொய் எழுதமாட்டாவ. நாமதாம் கூடுதலா நெனச்சிருப்போம்."

அவளுடைய கால் அவளுக்குச் சொன்னதை, என் நோட்டுக்காக அவள் இல்லை என்றாள்.

எழுந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பூஜ்யங்கள் என்னுடையவை" என்றேன். யாருக்கும் புரியவில்லை. நோட்டை எடுத்து விரித்தேன். "இந்தப் பன்னிரண்டு நாளும் நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தேன். வலையை யாரும் இழுக்கவில்லை, மீனை யாரும் எண்ணவில்லை. இழுத்து ஒன்றும் வராவிட்டால்தான் பூஜ்யம். இழுக்காத நாளுக்கு நான் பூஜ்யம் போட்டுவிட்டேன். மைதிலிக்குத் தெரியாது. சூசை சொல்வதைப் பொய் என்று காட்டும் எதுவும் என்னிடம் இல்லை."

மேடையில் அதிகாரிகள் மூன்று பேரும் மைதிலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அந்தப் பின்வரிசைக் குரல்: "எங்களுக்கெல்லாம் பூச்சியம் போட்டுப் பழகுன கை டீச்சர், அதாம்!" இந்தத் தடவை கூடம் வேறு மாதிரி சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. பிரகாசி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மைதிலி படத்தை அணைத்தாள்.

மார்ச் 15

இவர் காபி போட்டுக் கொடுத்தார். ஆறிப்போனது.

மார்ச் 18

கடைத்தெருவில் பிரகாசியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வெங்காயம் பொறுக்குவதில் ரொம்பக் கவனமாக இருந்தாள்.

மார்ச் 21

மைதிலி வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"டீச்சர், நான் கோவமாத்தான் இருக்கேன், அத முதல்ல சொல்லிடறேன். அசல் நோட்ட வாங்காம கணக்குப் போட்டது என் தப்பு. அத நான் மேல எழுதிக் குடுத்துட்டேன். ஆனா மார்ச் எட்டுல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்க."

"ஆமாம்" என்றேன்.

லேப்டாப்பைத் திறந்த பிறகுதான் உட்கார்ந்தாள். "பன்னெண்டு இல்லீங்க, பதிமூணு. நோட்டுல டிசம்பர் ஆறும் காலி."

தொம்மை தாத்தா. அவருடைய அடக்கத்துக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

பதிமூன்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இப்போது கோடுகள் ஒரே பக்கம் சரியவில்லை. விசிறி மாதிரி விரிந்தன. ஆயிரத்துக்கு நாற்பத்தாறு நடுவில் வந்தது.

"அப்போ காயல் நன்றாக இருக்கிறதா?"

"தெரியலீங்க. முப்பதா இருக்கலாம், அறுபதாவும் இருக்கலாம். முக்கியமான நாள்ல நமக்கு எண்ணிக்கையே இல்ல. முப்பத்தஞ்சுங்கற கோடு இந்த விசிறிக்கு உள்ளதான் இருக்கு."

"பிரகாசி பார்த்திருக்கிறாள். காலில் இடித்தது என்றாள். இருபத்துநான்காம் தேதி. நான் என் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்."

"நம்பறேன் டீச்சர். ஆனா கால்ல இடிச்சதுன்னா எத்தனைன்னு போடுவேன்? பூஜ்யம் இல்லைன்னு தெரியும். அதுக்கு மேல போட்டா நான் நிரப்பற மாதிரி ஆயிடும்."

நல்ல டீச்சராக வந்திருப்பாள்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "ஆபரேஷனுக்கு முன்ன பிரகாசி அக்கா எண்ணட்டுமான்னு கேட்டாங்களாமே?"

"கேட்டாள்."

"ஏனுங்க வேண்டாம்னீங்க?"

ஒரே ஆள் எண்ணினால்தான் ஒரே அளவாக இருக்கும் என்று அன்று சொன்னதை இன்று சொல்ல வாய் வரவில்லை. மார்க் ஷீட் ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு வாங்கியவள். அந்தப் பதினெட்டைப் போட்டவளும் நான்தான்.

ஏப்ரல் 3

முடிவு வந்துவிட்டது. காயலை மூடவில்லை. மூடவே மாட்டோம் என்றும் சொல்லவில்லை. வருகிற நவம்பரிலிருந்து இன்னொரு பருவம் எண்ண வேண்டும். அந்தப் பருவத்தின் ஜனவரி, பிப்ரவரியில் வலைக் கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணுவதற்கு இரண்டு பேர், ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர். ஒருவர் மணல்துறை மீனவராக இருக்க வேண்டும் என்று மைதிலி எழுதி வாங்கியிருக்கிறாள். சூசைக்குக் கண்ணி விஷயத்தில் திருப்தி இல்லை என்று கேள்வி.

பதினொரு மணி இருக்கும். கதவைத் தட்டாமல் பிரகாசி உள்ளே வந்தாள். கூட்டம் முடிந்து இருபது நாளாயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நோட்ட எடுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். டிக் போட்ட பக்கத்தில் விரல் வைத்து, "இது சாருக்க கையா?" என்றாள். "இந்த ஒரு பக்கந்தாம் நாளு தவறாம எழுதியிருக்கு."

உள்ளே இருந்து இவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"பிரகாசி, அன்றைக்கு நான் உன்னை எண்ண விட்டிருந்தால்..."

"விட்டிருந்தா எனக்குந் தெரிஞ்சிருக்கும், உங்களுக்குந் தெரிஞ்சிருக்கும். இப்பம் ரெண்டு பேருக்கும் தெரியல." நோட்டை மூடினாள். "ராவெல்லாம் யோசிச்சேன் டீச்சர். நீங்க பூச்சியம் போட்டதுகூட எனக்கு வருத்தம் இல்ல. நீங்க எழுதியிருக்கியன்னு எங்காலு பட்டதயே நா நம்பாமப் போனேம் பாத்தியளா, அதாம் ஆறல."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையமர்த்தினாள்.

"முப்பது வருசத்துக்கு முன்ன என்ன உக்காரச் சொன்னிய. இப்பம் நீங்க உக்காருங்க. நவம்பர்ல நா எண்ணுதேன். நீங்க பக்கத்துல இருந்து எழுதுங்க. நா சொன்னத மட்டும் எழுதணும்."

உட்கார்ந்தேன்.

புது நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தாள். நாற்பது பக்கம், மேலே கப்பல் படம். "மொதப் பக்கத்துல ஏதாச்சும் எழுதுங்க டீச்சர். நமக்குப் பொறவு யாரு எடுத்தாலும் புரியணும்."

அவள் போன பிறகு மத்தியானம் முழுவதும் யோசித்துவிட்டு இதை எழுதினேன். இங்கேயும் ஒரு பிரதி:

இந்த நோட்டை எடுப்பவர், காயலுக்கு வருவதற்கு முன், உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் ஏதாவது ஒன்றை, அணிலோ மைனாவோ, பத்து நாள் காலையில் ஒரே நேரத்தில் எண்ணி எழுதிப் பாருங்கள். பார்த்தும் ஒன்றும் வராத நாளில் பூஜ்யம் போடுங்கள், பார்க்காத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.